அச்சு நம் கையில், பாதை யார் கையில்?

சென்ற மாதம் ஒரு மாலையில் நமது காரியாலயத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். முப்பது வருஷ காலம் உபாத்தியாயராக உழைத்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் இரண்டு கட்டுக் காகிதங்கள். ஒன்று, காரைக்காலிலிருந்து சைகோனுக்குப் பிழைக்கப் போய்த் திரும்பிய ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதையை அவர் நாவலாக எழுதி முடித்த கையெழுத்துப் பிரதி. மற்றொன்று, அந்நாவலை அச்சிட்டு விற்றுத் தருவதாக ஒரு கம்பெனியார் அனுப்பியிருந்த ஒப்பந்தம். பதினோரு பக்கம், முழுவதும் இங்கிலீஷில். "ஐயா, தாங்கள் பத்திரிகையும் நடத்துகிறீர்கள், வக்கீல் தொழிலும் அறிந்தவர். இதில் நான் கையெழுத்துப் போடலாமா என்று சொல்ல வேண்டும்" என்றார்.

பேச்சுவாக்கில் அவருடைய முதல் புத்தகத்தின் கதையும் வெளிவந்தது. சுமார் இருபது வருஷங்களுக்கு முன் தம் மனைவியாரின் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து, ஒரு சிறுகதைத் தொகுதியை 1,000 பிரதிகள் அச்சிட்டாராம். நண்பர்கள் வீட்டுக் கலியாணங்களுக்குப் பரிசளித்தது உள்பட 300 பிரதிகள் செலவாயின. எஞ்சிய 700 பிரதிகளும் கட்டிலடியில் கிடந்து, ஒரு மழைக்காலத்தில் கறையானுக்கு இரையாயின. சங்கிலி மீளவில்லை. "இப்போதெல்லாம் கடன் வாங்காமல் ஐம்பது பிரதி மட்டும் போடலாமாமே, மெய்தானா?" என்று அவர் கேட்டபோது, அக்கேள்வி ஒருவருடைய கேள்வியாக நமக்குத் தோன்றவில்லை. புதுவையிலும், காரைக்காலிலும், கடலூரிலும், இன்னும் தமிழ் வழங்கும் எத்தனையோ ஊர்களிலும் எழுதி எழுதிப் பெட்டியில் பூட்டி வைத்திருப்போர் அனைவரும் கேட்கும் கேள்வி அது.

மெய்தான் என்று சொன்னோம். ஆனால் அந்த மெய்யோடு வேறொரு மெய்யும் சேர்ந்து வருகிறது. அதையும் நம் நேயர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

புதிய முறையின் கணக்கு

தேவைக்கேற்ப அச்சிடுதல், அதாவது பிரிண்ட் ஆன் டிமாண்ட் என்று வழங்கும் முறையின் உட்பொருள் மிகவும் எளியது. ஆப்செட் முறையில் ஒரு புத்தகத்தை அச்சிட, முதலில் பக்கங்களுக்குத் தகடு செய்ய வேண்டும். தகட்டை யந்திரத்தில் ஏற்றி, மையைச் சரிபார்த்து, சில நூறு தாள்களை வீணாக்கிய பின்னரே நல்ல பிரதி வெளிவரும். பத்துப் பிரதி வேண்டினாலும் பதினாயிரம் பிரதி வேண்டினாலும் இந்த ஆரம்பச் செலவு ஒன்றே. ஆதலால்தான் முன்னாளில் எந்த அச்சுக்கூடத்தாரும் ஆயிரத்துக்குக் குறைந்து அச்சிட விரும்பவில்லை. தமிழ்ப் பதிப்பாளர் பலர் நெடுநாள் 1,000 அல்லது 1,200 பிரதி என்பதையே ஒரு பதிப்பின் அளவாகக் கொண்டிருந்தனர். புதிய முறையில் தகடு என்பதே கிடையாது. கணினியில் உள்ள கோப்பிலிருந்து யந்திரம் நேரே காகிதத்தில் அச்சிடுகிறது. முதல் பிரதிக்கு என்ன செலவோ, நூறாவது பிரதிக்கும் ஏறக்குறைய அதே செலவு.

விளங்குவதற்காக ஒரு கணக்கு வைத்துப் பார்ப்போம். ஒரு நாவலுக்கு ஆப்செட் முறையில் ஆரம்பச் செலவு 20,000 ரூபாய், அதன்மேல் பிரதிக்கு 40 ரூபாய் என்று கொள்வோம். புதிய முறையில் ஆரம்பச் செலவு இல்லை, பிரதிக்கு 110 ரூபாய் என்று கொள்வோம். நூறு பிரதிகளுக்குப் பழைய முறையில் 24,000 ரூபாய், புதிய முறையில் 11,000 ரூபாய். ஆயிரம் பிரதிகளுக்கோ பழைய முறையில் 60,000, புதிய முறையில் 1,10,000. சுமார் 286 பிரதிகளில் இரண்டும் சமமாகின்றன. இத்தொகைகள் ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும். ஆயினும் கணக்கின் போக்கு மாறாது. பலரும் வாங்கும் புத்தகத்துக்குப் பழைய வழியே லாபம். சிலரே வாங்கும் புத்தகத்துக்குப் புதிய வழியே பிழைக்கும் வழி.

அந்தச் "சிலரே வாங்கும் புத்தகம்" என்பதில்தான் நமக்கு அக்கறை. சைகோன் குடும்பத்தின் கதை, வீராம்பட்டினத்து மீனவர் பேச்சிலேயே எழுதிய நாவல், மில் தொழிலாளி ஒருவன் துப்பறிவதாக ஒரு கதை, செவ்வாய்க் கிரகத்தில் நடப்பதாக ஒரு விஞ்ஞானக் கற்பனை. இவற்றுக்கெல்லாம் ஐம்பதினாயிரம் வாசகர் இல்லை; இருநூறு வாசகர் நிச்சயமாக உண்டு. மூலதனம் போட்டவர் தொகையைத் திரும்ப எடுக்க ஆயிரம் பிரதி விற்றாக வேண்டும் என்ற நிலை இருந்தவரை, இந்த இருநூறு பேருக்காக எவரும் அச்சிடவில்லை. அவர்கள் என்ன படிக்கலாம் என்பதை மூலதனமே தீர்மானித்தது. அந்தத் தளை இன்று அறுந்திருக்கிறது. இது சிறிய விடுதலையன்று.

அமெரிக்காவில் டென்னஸி மாகாணத்தில் இன்கிராம் கம்பெனியார் 1997-இல் இத்தொழிலைப் பெரிய அளவில் தொடங்கினர். நம் தேசத்தில் பெங்களூரில் 2008-இல் போத்தி.காம், சென்னையில் 2012-இல் நோஷன் பிரஸ் ஆகிய ஸ்தாபனங்கள் தோன்றி, எழுத்தாளர் தாமே தம் நூலைப் பிரசுரிக்க வழி செய்தன. காகிதமே இல்லாத மின்னூல் வகையில், அமேஸானின் கிண்டில் 2016-இல் தமிழுக்கு இடமளித்தது. இன்று தமிழில் சிறு பதிப்பாளர் பலரும் இந்த முறையிலேயே நூறும் இருநூறுமாக அச்சிடுகின்றனர்.

அன்றைய புதுவை காட்டும் பாடம்

ஆனால் அச்சு எளிதாகிவிட்டது என்பதனால் எல்லாம் எளிதாகிவிட்டதா? இக்கேள்விக்கு விடை தேட நாம் அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. நம் ஊர்த் தெருக்களிலேயே விடை இருக்கிறது.

அச்சு யந்திரம் யார் கையில் என்பது புதுவைக்குப் பழைய வழக்கு. 1761-இல் இங்கிலீஷார் இந்நகரைப் பிடித்தபோது, இங்கிருந்த அச்சு யந்திரத்தையும் கொள்ளைப் பொருளோடு சென்னைக்குக் கொண்டுபோய், வேப்பேரியில் இருந்த ஃபப்ரீஸியுஸ் பாதிரியாரிடம் ஒப்படைத்தனர். ஊரைப் பிடித்தவன் அச்சையும் பிடித்தான். அந்த வரலாறு 1908-இல் தலைகீழாகத் திரும்பியது. அவ்வருஷம் இங்கிலீஷ் அதிகாரத்தின் பிடிக்குத் தப்பிச் சுப்பிரமணிய பாரதியார் புதுவைக்கு வந்தார். "இந்தியா" பத்திரிகையும் சென்னையிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. பிரெஞ்சுக் கொடியின் கீழ், சென்னையில் அச்சிட முடியாததை இங்கே அச்சிட முடிந்தது. தேசாபிமானிகளுக்கு அச்சு கைவந்துவிட்டது.

நடந்தது என்ன? "இந்தியா" பத்திரிகைக்குச் சந்தாதாரர் பெரும்பாலும் எல்லைக்கு அப்பால் பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தவர்கள். அதிகாரிகள் புதுவைக்குள் வந்து யந்திரத்தை உடைக்கவில்லை. உடைக்கவேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. பத்திரிகை தங்கள் எல்லைக்குள் வருவதைத் தடுத்தார்கள், தபாலை மறித்தார்கள். 1910-இல் "இந்தியா" நின்றது.

புத்தகங்களின் கதையும் அதுவே. பாரதியார் 1910-ஐ ஒட்டிப் புதுவையில் வெளியிட்ட சிறு நூல்களில் "கனவு" ஒன்று, "ஆறில் ஒரு பங்கு" ஒன்று. இரண்டாவது நூலை நேயர்கள் கவனிக்க வேண்டும். அது ஒரு கதை. தேசபக்தியையும் காதலையும் தாழ்த்தப்பட்ட ஜனங்களின் உரிமையையும் சேர்த்துச் சொல்லும் கதை. ஜனத்தொகையில் ஆறில் ஒரு பங்கினரைத் தீண்டாமல் ஒதுக்கி வைத்த தேசம் எப்படி விடுதலை பெறும் என்பதே அதன் கேள்வி. எழுதியவர் கைப்பணத்திலும் நண்பர் உதவியிலும் வெளிவரும் சிறு நூல், சிறு வட்டத்துக்கான கதை, பெரிய பிரசுரக்காரர் எவரும் தொட அஞ்சும் பொருள். இன்று நாம் பேசும் வகையைச் சேர்ந்தது தானே அது? 1911-இல் சென்னை அரசாங்கத்தார் அவ்விரு நூல்களையும் தடை செய்தனர். புதுவையில் அச்சு இருந்தது; காகிதம் இருந்தது; பிரதிகளும் இருந்தன. வாசகனிடம் போகும் பாதை மட்டும் பிறர் கையில் இருந்தது.

வ. வே. சு. ஐயர் அவர்களும் இவ்வூரிலிருந்தே "கம்ப நிலையம்" என்ற பெயரில் தம் நூல்களைத் தாமே பிரசுரித்தார். தமிழ்ச் சிறுகதை வரலாற்றைப் பேசுவோர் தவறாமல் குறிப்பிடும் "மங்கையர்க்கரசியின் காதல்" தொகுதி 1917-இல் அவ்வாறு வெளிவந்ததே. சுயப் பிரசுரம் என்றால் வேறு யாரும் ஏற்காத சரக்கு என்று இகழ்ந்து பேசுவோர் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

பாரதியார் புதுவையை விட்டுப் போன பின்னர் நடந்ததோ இன்னும் உருக்கமானது. 1920-இல் கடயத்திலிருந்து அவர் நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை விடுத்தார். தம் நூல்கள் அனைத்தையும் 40 புத்தகங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் 10,000 பிரதி வீதம் அச்சிட வேண்டும். அதற்கு அன்பர்கள் கடன் தர வேண்டும். வட்டி நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். நாலு லக்ஷம் பிரதிகள்! தமது எழுத்தின் பலத்தில் அவருக்கு இருந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. பிற்காலம் அதை மெய்ப்பித்தது. ஆயினும் அன்று பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் அவர் காலமானார். திட்டம் காகிதத்திலேயே நின்றது.

இந்தப் புதிய முறை அன்று இருந்திருந்தால் அந்தக் கடன் வேண்டியிருக்காது. நாலு லக்ஷம் பிரதிக்குக் காகிதம் வாங்கவேண்டியதில்லை. கேட்பவருக்கு மட்டும் அச்சிட்டுக் கொடுத்திருக்கலாம். அதை நினைக்கும்போது, இன்றைய எழுத்தாளர் எவ்வளவு பெரிய பாக்கியத்தின்மேல் நிற்கிறார் என்பது விளங்கும். ஆனால் 1910-ஆம் வருஷத்துப் பாடத்தை இந்தப் புதிய முறை மாற்றிவிடவில்லை. அச்சு கைவந்தால் மட்டும் போதாது. பாதையும் கைவர வேண்டும்.

இன்றைய பாதை

இன்று தபாலை மறிக்கும் அந்நிய அதிகாரி இல்லை. ஆயினும் புத்தகம் வாசகனிடம் போகும் வழி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எழுத்தாளர் கோப்பை ஒரு கம்பெனியிடம் கொடுக்கிறார். அக்கம்பெனி அதைத் தன் இணையக் கடையிலும் பெரிய வியாபாரிகளின் கடையிலும் சேர்க்கிறது. அந்தக் கடையில் லக்ஷக்கணக்கான புத்தகங்கள். எதை முன்னே காட்டுவது, எதைப் பின்னே தள்ளுவது என்பதை அவர்களுடைய யந்திரம் தீர்மானிக்கிறது. அதன் விதி என்னவென்று எழுத்தாளருக்குத் தெரியாது. விற்பனையில் ஒரு பங்கை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். 200 ரூபாய் விலையுள்ள நூலில் அச்சுக்கு 110 ரூபாயும் கடைக்கு 50 ரூபாயும் போனால், எழுதியவருக்கு எஞ்சுவது 40 ரூபாய்.

வியாபாரி தன் கூலியை எடுப்பதில் குற்றமில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. தம் நூலை வாங்கியவர் யார் என்பது எழுத்தாளருக்குத் தெரிவதில்லை. நூறு பிரதி விற்றால், அந்த நூறு பேரின் பெயரும் ஊரும் வியாபாரியிடம் இருக்கின்றன. அடுத்த நூல் எழுதும்போது எழுத்தாளர் மறுபடியும் முதல் படியிலிருந்து ஏற வேண்டும். ஒரு நாள் அந்த வியாபாரி ஏதோ ஒரு விதியைக் காட்டி நூலைக் கடையிலிருந்து எடுத்துவிட்டால், அந்த நூறு பேரிடம் விஷயத்தைச் சொல்லக்கூட வழியில்லை. இதைத்தான் நாம் பாதை பிறர் கையில் இருப்பது என்கிறோம்.

இதைக் காட்டிலும் கொடியது ஒன்று உண்டு. சில கம்பெனிகளுக்கு வாடிக்கையாளர் வாசகர் அல்லர், எழுத்தாளரே. "விளம்பரம் செய்கிறோம், விழா நடத்துகிறோம், பரிசுக்கு அனுப்புகிறோம்" என்று கூறி, வெள்ளித் திட்டம், தங்கத் திட்டம் என்று பேரிட்டு முன்பணம் வாங்குகிறார்கள். புத்தகம் விற்றாலும் விற்காவிட்டாலும் அவர்கள் லாபம் முன்னமே கைக்கு வந்துவிடுகிறது. விற்றால்தான் லாபம் என்றிருக்கும் பதிப்பாளன் விற்பதற்கு உழைப்பான். விற்பதற்கு முன்பே லாபம் பெற்றவன் எதற்கு உழைப்பான்? நம் பெரியவர் கொண்டுவந்த ஒப்பந்தமும் இந்த வகையே. சங்கிலியை அடகு வைக்கும் துன்பம் போய்விட்டது என்று எண்ணி வந்தவரிடம், அதே அளவு தொகையை வேறு பெயரில் கேட்டிருந்தார்கள்.

ஒப்பந்தத்தைப் படியுங்கள்

வக்கீல் தொழிலை அறிந்தவர் என்ற முறையில் இவ்விடத்தில் சில வார்த்தைகள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நூலின் உரிமை எழுதியவருடையது. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, அது ஆசிரியர் ஆயுள் முழுவதும், அதன்பின் 60 வருஷங்களும் நிற்கும். அதை மற்றொருவருக்கு மாற்றிக் கொடுப்பதானால் எழுத்து மூலமாகவே செய்ய வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், எந்த எல்லைக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் அவ்வுரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு விதமாகச் சொன்னாலன்றி, அது நீங்கிவிடும். இவை எழுத்தாளருக்கு அரண். ஆனால் ஒப்பந்தத்தில் "உலகமெங்கும், என்றென்றைக்கும்" என்று எழுதியிருக்க, அதன் கீழ் அவரே கையெழுத்திட்டால், இந்த அரண்களில் பெரும்பகுதியைத் தம் கையாலேயே இடித்துக்கொள்கிறார். வெறும் அச்சு வேலைக்கு உரிமை மாற்றம் எதற்கு? அச்சிடவும் விற்கவும் அனுமதி கொடுத்தால் போதும். வேண்டாதபோது அறிவிப்புக் கொடுத்து விலகும் வழியும் இருக்க வேண்டும். பக்கம் அமைத்த கோப்பும் அட்டைப் படமும் யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுதி வாங்க வேண்டும். அவை கம்பெனியாருக்கே என்றால், விலகும்போது வெறுங்கையோடு விலக நேரிடும்.

பதிப்புரிமை என்பது ஏட்டுச் சுரைக்காய் அன்று. பாரதியார் நூல்களின் உரிமை அவர் குடும்பத்தாரிடமிருந்து கைமாறிக் கைமாறி, கடைசியில் 1949-இல் சென்னை அரசாங்கம் அதை வாங்கி, பின்னர் பொதுவில் விட்டபிறகே யாரும் தடையின்றி அச்சிட முடிந்தது. மகாகவிக்கே அந்த நிலையென்றால், ஒரு சிறு நாவலாசிரியர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடலாமா?

சல்லடை வேண்டாமா?

ஓர் ஆட்சேபத்தை நாம் மறைக்க விரும்பவில்லை. "யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றால் பதர் பெருகாதா? முன்பு பதிப்பாளன் என்ற சல்லடை இருந்தது, இப்போது அதுவும் போயிற்றே" என்பர் சிலர். பதர் பெருகுகிறது என்பது உண்மை. சந்திப் பிழையும் எழுத்துப் பிழையும் மலிந்து, பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியபோது சிதைந்த சொற்களைக் கூடத் திருத்தாமல் வெளிவரும் நூல்களை நாமே கண்டிருக்கிறோம். படிப்பவர் காசுக்கும் காலத்துக்கும் அது துரோகம்.

ஆனால் அந்தச் சல்லடை நல்ல நெல்லையும் எத்தனை முறை தள்ளியிருக்கிறது என்பதையும் எண்ண வேண்டும். ஜாதியின் பேராலும், ஊரின் பேராலும், பெண் எழுதியது என்பதாலும், பேச்சுத் தமிழில் இருக்கிறது என்பதாலும் தள்ளப்பட்டவை எத்தனை! வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925-இல் "ஜகன்மோகினி" பத்திரிகையைத் தம் கையில் எடுத்து, தம் நாவல்களைத் தாமே வெளியிட்டு, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதியவர். பிறர் கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருந்தால் அவற்றில் எத்தனை வெளிவந்திருக்கும்?

ஆகையால் சல்லடை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது முதலாளியின் கையிலிருந்து நம் கைக்கு மாறவேண்டும் என்கிறோம். பதிப்பாளன் செய்துவந்த வேலைகள் மூன்று: பணம் போடுதல், பிழை திருத்துதல், வாசகனிடம் கொண்டு சேர்த்தல். புதிய யந்திரம் முதல் வேலையை மட்டுமே எளிதாக்கியிருக்கிறது. மற்ற இரண்டும் இன்னும் மனிதர் செய்யவேண்டிய வேலைகள். அவற்றைச் செய்ய ஆள் இல்லாதபோதுதான் பதர் பெருகுகிறது.

செய்ய வேண்டுவது

இனிப் புதுவையில் நாம் செய்யக்கூடியவை யாவை?

முதலாவது, கையொப்ப முறையை மீட்பது. 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட உ. வே. சாமிநாதையர் முன்கூட்டியே கையொப்பம் சேர்த்தார். இன்னார் இத்தனை பிரதி வாங்குவதாக ஒப்புக்கொண்ட பட்டியல் அது. அன்று அச்சுச் செலவு பெரிதாகையால் அப்பட்டியலைப் பெரிதாக்க மிகவும் பாடுபட வேண்டியிருந்தது. இன்று ஐம்பது கையொப்பம் போதும். ஐம்பது பிரதி அச்சிடலாம். புதிய யந்திரமும் பழைய வழக்கமும் ஒன்று சேர்ந்தால், கடனும் இல்லை, கட்டிலடியில் குவியலும் இல்லை. எல்லாவற்றையும்விட மேலானது, அந்த ஐம்பது பேரின் பெயரும் விலாசமும் எழுத்தாளரின் கையிலேயே இருக்கும். அதுவே பாதை. இணையக் கடைகளிலும் விற்கலாம், தடையில்லை. அது உபரி வழியாக இருக்கட்டும், ஒரே வழியாக வேண்டாம்.

இரண்டாவது, திருத்தகக் கூட்டம். ஓய்வு பெற்ற தமிழாசிரியர்களுக்கு நம் ஊரில் குறைவில்லை. மாதம் ஒரு முறை கூடி, ஒருவர் கையெழுத்துப் பிரதியை மற்றவர் படித்து, பிழை திருத்தி, குறை சொல்லிக் கொடுக்கலாம். கூலி வாங்காமல் செய்யவேண்டும் என்பதில்லை. நியாயமான கூலி கொடுக்கலாம். தங்கத் திட்டத்துக்குக் கொடுக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

மூன்றாவது, நூலகங்கள். 1827-இல் ஏற்பட்டு இன்று ரொமேன் ரோலான் பெயரைத் தாங்கி நிற்கும் பொதுநூலகம் நம் ஊரின் பெருமை. அங்கே இவ்வூரில் எழுதப்படும் நூல்களுக்கென்று ஓர் அலமாரி வேண்டும். பெரிய பதிப்பகத்தின் முத்திரை இல்லை என்பதற்காக ஒரு நூலை ஒதுக்காமல், உள்ளூர் எழுத்தாளர் நூலில் ஒரு பிரதியாவது வாங்கி வைக்க வேண்டும் என்று நூலகத்தை நடத்துவோரை வேண்டுகிறோம். கடைக்காரர்களும் அவ்வாறே ஒரு தட்டு ஒதுக்கலாம்.

நான்காவது, வாசகராகிய நாம். நல்ல நூல் வரவில்லையே என்று திண்ணையில் அமர்ந்து புலம்புவோர், தெருக்கோடியில் இருப்பவர் எழுதிய நூலை விலை கொடுத்து வாங்குகிறோமா? "ஒரு பிரதி அன்பளிப்பாகக் கொடும்" என்று கேட்கும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். 1920-இல் பாரதியாருக்குக் கிடைக்காதது யந்திரமன்று. முன்வந்து கை நீட்டும் அன்பர்களே அவருக்குக் கிடைக்கவில்லை. இறந்தபின் சிலை வைப்பதும் வீதிக்குப் பெயரிடுவதும் எளிது. எழுதுகிறவன் உயிரோடு இருக்கும்போது அவன் நூலில் ஒரு பிரதி வாங்குவதுதான் கடினமாக இருக்கிறது.

முடிவாக ஒன்று. சைகோனுக்குப் போன குடும்பத்தின் கதையைப் பாரிஸில் இருப்பவரோ டில்லியில் இருப்பவரோ நமக்காக எழுதப்போவதில்லை. அக்குடும்பங்களின் முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். இன்று எழுதாவிட்டால், எழுதியதை இன்று அச்சிடாவிட்டால், அச்சிட்டதை இன்று படிக்காவிட்டால், அந்த நினைவும் கறையானுக்கே போகும். தேசம் என்பது பெரிய மேடைகளில் பேசப்படுவது மட்டுமன்று. இருநூறு பேர் மட்டும் படிக்கும் சிறு கதைகளிலும் அது வாழ்கிறது.

பெரியவர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்தில் நம் பெயரை எழுதிக்கொண்டு சென்றார். நேற்று வந்தபோது அதில் 43 கையொப்பங்கள் இருந்தன. அறுபது சேர்ந்ததும் அறுபது பிரதி அச்சிடுவதாக இருக்கிறார். எஞ்சிய பதினேழு பேர் இந்த ஊரில் இல்லாமற் போவார்களா? நேயர்கள் தத்தம் தெருவில் விசாரித்துப் பார்க்கட்டும். இப்படி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு காத்திருப்பவர் அங்கும் ஒருவர் இருப்பார்.